ஆலை ‘அளவுக்குள் இருக்கிறது’ என்று சொன்னால் உங்கள் கிணற்றுக்கு என்ன அர்த்தம்? கழிவுநீர்க் கணக்கைப் படிக்கும் வழி

விவசாயிகளே, உங்கள் ஊர்ப் பக்கம் சாயப்பட்டறை, தோல் ஆலை, காகித ஆலை, ரசாயன ஆலை என்று ஏதாவது ஒன்று இருந்தால் செப்டம்பர் 30 என்ற தேதியை ஞாபகத்தில் வையுங்கள். மார்ச் 31ல் முடிந்த நிதியாண்டில் எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், என்ன மூலப்பொருள் போட்டோம், எவ்வளவு கழிவு வெளியே போனது என்று அந்த ஆலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கணக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் அது. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் 14ஆவது விதி. தாளின் பெயர் சுற்றுச்சூழல் அறிக்கை, படிவம் எண் 5. வாரியத்தின் இசைவாணை பெற்று நடக்கும் ஆலைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முப்பது வருடத்துக்கும் மேலாக இந்தக் கணக்கு போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஆலைக்கு அடுத்த தோட்டக்காரர் இதைக் கண்ணால் பார்த்திருப்பது அபூர்வம். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கிணத்துத் தண்ணி உப்பாயிடுச்சு, தென்னங்கன்னு கூட நிக்க மாட்டேங்குது" என்று சொல்வார். "ஆய்வு செய்தோம், எல்லாம் நிர்ணயிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்று பதில் வரும். சொன்னவர் உட்கார்ந்துவிடுவார். அந்த அளவு யாருடையது, யார் அளந்தது, எங்கே நின்று அளந்தது என்று மறுகேள்வி கேட்க நம்மிடம் தாள் இல்லை. அந்தத் தாளை வாங்குவது, வாங்கினால் எதைப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஆலையின் அளவு வேறு, பயிரின் அளவு வேறு

முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாட்டில் ஆலைக் கழிவுநீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புக்கு, அதாவது டி.டி.எஸ்.ஸுக்கு, பொதுவாக விதிக்கப்படும் உச்சவரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். ஒரு ஆலையின் தாளில் 2,050 என்று இருந்தால் அது ‘அளவுக்குள்’. அதிகாரி சொன்னது பொய்யில்லை.

இப்போது பாசனத் தண்ணீருக்கான கணக்கைப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் வகுத்த வழிகாட்டி, உலகம் முழுக்க வேளாண் விஞ்ஞானிகள் பயன்படுத்துவது. அதன்படி டி.டி.எஸ். 450க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 450 முதல் 2,000 வரை பயிரைப் பார்த்து, மண்ணைப் பார்த்து ஜாக்கிரதையாகப் பாய்ச்ச வேண்டிய தண்ணீர். 2,000க்கு மேல் போனால் கடுமையான கட்டுப்பாடு தேவை. ஆக, ஆலைக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே பயிரின் ஆபத்துக் கோட்டைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும், அதில் கலந்து கரைந்துவிடும் என்ற கணக்கில் வைக்கப்பட்ட அளவுகள் இவை. நம் ஓடைகளில் வருடத்தில் எத்தனை மாதம் நல்ல தண்ணீர் ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கும் அட்டையில் டி.டி.எஸ்.ஸுக்குப் பதில் ஈ.சி. என்று இருக்கும். மின் கடத்தும் திறன், டெசி சைமன் என்ற அளவில் எழுதுவார்கள். அதை 640ஆல் பெருக்கினால் ஏறக்குறைய டி.டி.எஸ். வந்துவிடும். விளைச்சல் குறையாமல் பயிர் தாங்கும் பாசன நீரின் ஈ.சி. அளவு, மேலே சொன்ன அதே வழிகாட்டியின்படி: பீன்ஸ் 0.7, வெங்காயம் 0.8, கரும்பும் மக்காச்சோளமும் 1.1, தக்காளி 1.7, நெல் 2.0, நிலக்கடலை 2.1, பருத்தி 5.1. ஆலையின் 2,100ஐ 640ஆல் வகுத்தால் 3.3 வருகிறது. பருத்திக்காரர் சமாளித்துவிடுவார், வெங்காயக்காரர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரே ஓடையில் இரண்டு தோட்டக்காரர்கள் இரண்டு விதமாகப் பேசுவதற்கும் இதுதான் காரணம்.

படிவம் 5ல் எதைப் பார்க்க வேண்டும்?

படிவத்தில் அ, ஆ வரிசையில் ஒன்பது பகுதிகள். முதல் பகுதி ஆலையின் பெயர், உற்பத்தித் திறன் போன்ற விவரம். இரண்டாவது பகுதி தண்ணீர், மூலப்பொருள் செலவு. மூன்றாவது பகுதியில் வெளியே போன மாசு. நான்காவதில் அபாயகரமான கழிவு, ஐந்தாவதில் திடக்கழிவு, ஆறாவதில் அவற்றை என்ன செய்தார்கள் என்ற விவரம். மிச்சம் மூன்றும் முதலீடு, எதிர்காலத் திட்டம் என்று எழுதியிருப்பார்கள். அதில் மரம் நட்ட படம்கூட ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது பகுதியில் ஒவ்வொரு மாசுக்கும் இரண்டு கணக்கு இருக்க வேண்டும். ஒன்று, ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் என்பது. மற்றொன்று, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ வெளியே போகிறது என்பது. எல்லோரும் முதல் எண்ணையே பேசுவார்கள். நீங்கள் இரண்டாவதைப் பாருங்கள்.

ஒரு உதாரணத்துக்கு, லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள கழிவுநீரை ஒரு ஆலை தினமும் 5 லட்சம் லிட்டர் விடுகிறது என்று வையுங்கள். 2,000 மில்லிகிராம் என்றால் 2 கிராம். 5 லட்சத்தை 2ஆல் பெருக்கினால் 10 லட்சம் கிராம், அதாவது 1,000 கிலோ. தினமும் 50 கிலோ மூட்டையில் 20 மூட்டை உப்பு. வருடத்துக்கு 7,300 மூட்டை. லிட்டர் கணக்கில் பார்த்தால் இந்த ஆலை ‘அளவுக்குள்’. மூட்டைக் கணக்கில் பார்த்தால் அந்த உப்பு எங்கோ ஒரு நிலத்தடியில், எங்கோ ஒரு கிணற்றில் சேர்ந்தாக வேண்டும். தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு போகாது.

அடுத்து சராசரி. வருடக் கணக்கில் ஒரே எண் எழுதியிருந்தால் அது சராசரியாக இருக்கும். 360 நாள் 500ம், மழை பெய்த 5 ராத்திரியில் 20,000மும் போயிருந்தால் சராசரி 767தான் வரும். தாளில் அழகாக இருக்கும். அந்த 5 ராத்திரித் தண்ணீர் பாய்ந்த வயல்காரருக்குத்தான் உண்மை தெரியும். அதனால் சராசரியோடு, அந்த வருடத்தில் பதிவான உச்ச அளவையும், மாதிரி எடுத்த தேதிகளையும் கேட்டு வாங்குங்கள்.

வாசலுக்குள் போனது எங்கே வந்தது?

இந்தக் கணக்குக்கு ஆய்வகம் தேவையில்லை. களத்துமேட்டில் நாம் போடும் கணக்குத்தான். நெல்லை அரைக்கப் போட்டால் அரிசி, தவிடு, உமி மூன்றையும் கூட்டினால் போட்ட எடைக்குக் கிட்டத்தட்ட சரியாக வர வேண்டும். குறைந்தால் மில்காரரைக் கேட்கிறோம்.

சாயப்பட்டறையில் துணியில் சாயம் பிடிப்பதற்கு உப்பு போடுகிறார்கள். சாயம் துணியில் தங்கும். உப்பு தங்காது, கழுவும் தண்ணீரோடு முழுசாக வெளியே வரும். இரண்டாவது பகுதியில் ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு என்று இருக்கும். அதை மொத்த உற்பத்தியால் பெருக்கினால் வருடத்துக்கு எவ்வளவு உப்பு உள்ளே போனது என்று வந்துவிடும். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் பத்து நிமிட வேலை. 1,000 டன் என்று வருகிறது, ஐந்தாம் ஆறாம் பகுதிகளில் சேமித்து வைத்த கழிவு உப்பு 200 டன் என்று காட்டியிருக்கிறார்கள் என்றால், மிச்சம் 800 டன் எங்கே என்று கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. "உப்புக் கரைசலை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறோம்" என்பார்கள். நல்ல விஷயம்தான், பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் திரும்பப் பயன்படுத்தினால் புதிதாக வாங்கும் உப்பு வருடா வருடம் குறைந்திருக்க வேண்டும். மூன்று வருடத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று தோன்றினால் நொய்யலை நினைத்துக்கொள்ளுங்கள். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரே விவசாயிகளுக்கு எதிரியானது. ஆயக்கட்டு விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றம் போய், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற உத்தரவை 2006ல் பெற்றார்கள். அது நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரி 28ல் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அத்தனை வருடமும் ‘அளவு’ என்ற ஒன்று தாளில் இருந்துகொண்டுதான் இருந்தது.

அமெரிக்காவில் இதை ஏன் ஊருக்கே சொல்கிறார்கள்?

ஆலைகள் தங்கள் ரசாயனக் கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் வந்ததற்குக் காரணம் நம் ஊர்ச் சாவுகள். 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் அதே நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையிலும் கசிவு. ‘எங்கள் வீட்டுப் பக்கத்து ஆலையில் என்ன இருக்கிறது’ என்று அங்கே மக்கள் கேட்கத் தொடங்க, 1986ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஆலையும் ஒவ்வொரு ரசாயனத்தையும் பெயர் சொல்லி, காற்றில் எவ்வளவு, தண்ணீரில் எவ்வளவு, நிலத்தில் எவ்வளவு என்று வருடம் தோறும் ஜூலை 1க்குள் தர வேண்டும். இன்று அந்தப் பட்டியலில் ஏறக்குறைய 800 ரசாயனங்கள்.

முதல் கணக்கு 1988ல் வந்தபோது நிறுவனங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. நம் பருத்தி விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த மான்சாண்டோவின் அப்போதைய தலைவர் ரிச்சர்ட் மஹோனி, காற்றில் விடும் நச்சை 1992க்குள் 90 சதவீதம் குறைப்போம் என்று அந்த வருடமே அறிவித்தார். புதிதாகத் தடை எதுவும் போடவில்லை. எண்ணைப் பலர் பார்க்கும்படி வைத்தார்கள், அவ்வளவுதான்.

அங்கேயும் ஆலை தரும் கணக்கு ஆலையே போடுவதுதான். கருவி வைத்து அளந்தே தீர வேண்டும் என்றுகூட அந்தச் சட்டம் சொல்லவில்லை, மதிப்பீடும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறியீடு போட வேண்டும். கருவியில் அளந்ததா, உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கழித்துப் பார்த்ததா, பொதுச் சூத்திரத்தில் கணக்கிட்டதா என்று அது சொல்லிவிடும். நம் படிவம் 5ல் அந்தக் குறியீடு இல்லை. சி.ஓ.டி., பி.ஓ.டி. என்று மொத்தமாக இருக்குமே தவிர எந்த ரசாயனம் என்ற பெயரும் பெரும்பாலும் இருக்காது. அப்படிப் பெயர் வாரியாக நாடு முழுக்க ஒரே பட்டியலில் பார்க்கும் வசதி இந்தியாவில் இன்னும் இல்லை.

நேரலைக் கருவியும் வாசல் பலகையும்

அதிக மாசு விடும் 17 வகை ஆலைகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் குழாயிலும் புகைபோக்கியிலும் கருவி பொருத்தி, வாரியத்துக்கு நேரலையாக அளவை அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014ல் உத்தரவிட்டது. அந்த அளவுகளை மக்கள் பார்க்கும்படி மாநில வாரியங்களின் இணையதளத்தில் போட வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. தண்ணீருக்கு இதில் பொதுவாக அளப்பது கார அமில நிலை, பி.ஓ.டி., சி.ஓ.டி., கலங்கல், ஓட்டத்தின் அளவு. விவசாயியின் பெரிய கவலையான டி.டி.எஸ். அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. அதோடு, கருவி அது இருக்கும் குழாயை மட்டும்தான் பார்க்கும். வேலிக்குப் பின்னால் வேறொரு குழாய் இருந்தால் அதற்குத் தெரியாது.

அபாயகரமான ரசாயனம் கையாளும் ஆலைகள் என்ன ரசாயனம் வைத்திருக்கிறோம், என்ன கழிவு விடுகிறோம் என்று வாசலுக்கு வெளியே பலகை வைக்க வேண்டும் என்று 2003 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. மாட்டு வண்டியில் போகும்போதும் பைக்கில் போகும்போதும் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆலை வாசலில் நான் பார்த்த பலகையில் தேதி இரண்டு வருடம் பழையது, எண்கள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. நின்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செலவில்லாத முதல் ஆதாரம் அது.

பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 நிதியாண்டு முதல் செபியின் கட்டளைப்படி சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை வெளியிடுகின்றன. வழவழப்பான தாளில் இருக்கும். அது கம்பெனியின் எல்லா ஆலைகளுக்கும் சேர்த்த கணக்கு. உங்கள் ஊர் ஆலை மட்டும் என்ன விட்டது என்பதை அதில் பிரித்துப் பார்ப்பது கடினம். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு அறிவித்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள்படி, பதிவு பெற்ற தனியார் தணிக்கையாளர்களும் இனி ஆலைகளைச் சோதிக்க வருவார்கள். வரட்டும். ஆனால் ஆலை வளாகத்தைப் பார்க்க வருபவர் உங்கள் கிணற்றையும் எட்டிப் பார்ப்பார் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தாளை எப்படி வாங்குவது?

மத்திய, மாநிலச் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற பெரிய ஆலை என்றால் வழி சுலபம். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அவர்கள் ஜூன் 1, டிசம்பர் 1 என வருடம் இருமுறை நிபந்தனைகளைப் பின்பற்றிய அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யார் கேட்டாலும் நகல் தர வேண்டும் என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது. இணையத்திலும் தேடிப் பாருங்கள்.

மற்ற ஆலைகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலர், மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் என்று விலாசமிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால் ‘அது தகவல் ஆகாது’ என்று திருப்பிவிடுவார்கள். நகல் மட்டும் கேளுங்கள்: ஆலையின் பெயர், சர்வே எண் குறிப்பிட்டு, நடப்பு இசைவாணை நிபந்தனைகளோடு, கடைசி மூன்று வருடப் படிவம் 5, அபாயகரமான கழிவுக்கான வருடாந்திரப் படிவம் 4, அந்த மூன்று வருடத்தில் வாரியமே எடுத்த மாதிரிகளின் ஆய்வக முடிவுகள். கடைசியில் சொன்னது முக்கியம். ஆலை கொடுத்த எண்ணும் வாரியம் அளந்த எண்ணும் ஒத்துப்போகிறதா என்று அதில்தான் தெரியும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு உரிமையும் இருக்கிறது. தண்ணீர்ச் சட்டம் (1974) 25ஆவது பிரிவின்படி இசைவாணை நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கழிவுநீரால் பாதிக்கப்படுபவர் அலுவலக நேரத்தில் நேரில் போய் அதைப் பார்க்கலாம். பட்டாவோடு போய்க் கேளுங்கள்.

உங்கள் பக்கத்துக் கணக்கு

ஆலையின் தாள் பாதிதான். மறுபாதி உங்கள் கிணற்றில் இருக்கிறது. நீங்களே எடுத்த மாதிரியை வழக்கில் ‘இது ஆலைக் கழிவு’ என்று நிரூபிக்கும் சட்ட மாதிரியாக ஏற்க மாட்டார்கள். அதை வாரிய அதிகாரி, ஆலைக்காரருக்குச் சொல்லி, முறைப்படி எடுக்க வேண்டும். ஆனால் அந்த அதிகாரியை வரவழைக்கவும், இழப்பீடு கேட்கவும் உங்கள் வருடாந்திரப் பதிவு வேண்டும். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, பாதிப்பு முதலில் தொடங்கியதிலிருந்து 5 வருடத்துக்குள் போக வேண்டும். எப்போது தொடங்கியது என்று கேட்டால் காட்டுவதற்குத் தேதி போட்ட தாள் இருக்க வேண்டும். பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெரிய தீர்ப்பு 1996ல் வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து ஆலைகளிடம் வசூலிக்கும்படி அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது 2025 ஜனவரி 30ல். இவ்வளவு நீளும் விஷயத்தில் ஞாபகத்தை நம்ப முடியாது.

வருடத்துக்கு இரண்டு மாதிரி போதும்: கோடையில் மே மாதம் ஒன்று, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒன்று. ஆலைக்குக் கீழ்ப்பக்கம் உங்கள் கிணறு, ஆலைக்கு மேல்பக்கம் உறவினர் அல்லது தெரிந்தவர் கிணறு, இரண்டிலும் ஒரே நாளில் எடுங்கள். மேல்பக்கக் கிணறும் உப்பாக இருந்தால் காரணம் பாறையாகவோ போரின் ஆழமாகவோ இருக்கலாம், ஆலையைச் சொல்லிப் பயனில்லை. மேலே 0.9, கீழே 3.5 என்றால் பேச்சு வேறு. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் அவ்வப்போது சோதித்துப் பார்க்க உதவும், பதிவுக்கு ஆய்வகத் தாள்தான்.

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, குழாயில் வரும் தண்ணீரிலேயே ஒரு லிட்டர் பாட்டிலை மூன்று முறை கழுவி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். பூச்சிமருந்து, உரக் கரைசல் வைத்திருந்த பாட்டில் கூடாது. அன்றைக்கோ மறுநாளோ மாவட்ட மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். ஈ.சி., கார அமில நிலை, சோடியம் அளவு மூன்றும் வேண்டும் என்று சொல்லுங்கள். தோல் ஆலைப் பகுதி என்றால் குரோமியம் பார்க்கும் வசதி எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று அங்கேயே விசாரியுங்கள். பாட்டிலில் ஒட்டும் சீட்டில் தேதி, நேரம், சர்வே எண், கிணறா போரா, எத்தனை அடி ஆழம், அன்றைக்கு என்ன பயிர் நின்றது என்று எழுதி, அதே சீட்டின் நகல் ஒன்றை வீட்டில் பட்டா வைத்திருக்கும் பையில் போட்டு வையுங்கள்.